வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ரெட்டரிக் பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு அட்டைப்பெட்டி மூன்று வருடமாக இருந்தது. உள்ளே இரண்டு தடிமனான புத்தகங்கள், ஒரு பயிற்சி நோட்டு, ஆசிரியருக்கென்று தனியாக ஒரு விடைப் புத்தகம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ரெட்டரிக், அதாவது சொல்லால் இணங்கவைக்கும் கலைக்கான பாடத்திட்டம். விலை, அனுப்பும் கூலி, வரி எல்லாம் சேர்த்தால் எங்கள் இரண்டு மாத மளிகைக் காசு.

எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்த மகளுக்காக வாங்கியது. ஐந்து மாதம் உட்கார்ந்து முக்கால்வாசி முடித்தாள். ஒரே சொல்லில் தொடங்கும் வாக்கிய அடுக்குக்குக் கிரேக்கத்தில் என்ன பெயர் என்று கேட்டால் டக்கென்று சொல்வாள். அந்தச் சமயத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா, மாடிக்கு ஏற்றபடி பிரிப்பதா என்று பேச்சு. "நீ சொல்லேன்" என்று அவளைத் தள்ளிவிட்டேன். எழுந்தாள். "அது வந்து..." என்றாள். எதிர்வீட்டு அக்கா, "இன்னாம்மா கண்ணு, சத்தமா சொல்லு" என்றதும் உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகத்தின் மேல் குறை சொல்ல மாட்டேன். நல்ல புத்தகம்தான். ஆனால் அந்த ஐந்து மாதமும் அவள் எழுதியதைப் படித்தது நான் ஒருத்தி, பேசியதைக் கேட்டதும் நான் ஒருத்தி. எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு சொல்வன்மை பழக முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நாற்பது பேர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேராவது கிண்டல் செய்வார்கள். வீட்டுப் பிள்ளைக்கு அந்த அவை இல்லை. எனவே பாடத்திட்டம் வாங்கும்போது, 'இதில் என் பிள்ளை யாரிடம் பேசப்போகிறது? அவர் திருப்பிப் பேசுவாரா?' என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் வாங்கியவள் எழுதும் வழிகாட்டி இது.

ரெட்டரிக் என்றால் எது, எது இல்லை

எந்த விஷயமானாலும் அதில் கேட்பவரை இணங்கவைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று கண்டுகொள்ளும் திறன் என்றார் அரிஸ்டாட்டில். பின்னால் வந்த ரோமானிய ஆசிரியர்கள் அதை ஐந்து வேலையாகப் பிரித்தார்கள்: என்ன சொல்வது என்று தேடுவது, தேடியதை அடுக்குவது, சொற்களில் வடிப்பது, நினைவில் நிறுத்துவது, குரலாலும் உடலாலும் வெளிப்படுத்துவது.

நம் ஊரில் பேச்சுப் பயிற்சி என்று விற்பது பெரும்பாலும் ஐந்தாவது வேலையை மட்டும்தான். கையை இப்படி வை, குரலை இங்கே ஏற்று. கட்டுரைப் பயிற்சி என்று விற்பது இரண்டும் மூன்றும். முதல் வேலையான தேடுவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அணியிலக்கணம் தெரிந்தால் ரெட்டரிக் தெரிந்தது என்ற நினைப்பும் வேண்டாம். என் மகளுக்கு அதுதான் நடந்தது.

திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம், அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. முப்பது குறள். சொல்வன்மைக்கு ஒன்று ஒதுக்கிய வள்ளுவர், அவைக்கு இரண்டு ஒதுக்கியிருக்கிறார். அந்தக் கணக்கைப் பெட்டி வாங்கிய பிறகுதான் நான் கவனித்தேன்.

முதல் படி: பிள்ளை தயாரா?

அட்டையில் 'ஒன்பதாம் வகுப்பு முதல்' என்று போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இலக்கணம், தர்க்கம், ரெட்டரிக் என்ற பழைய ஐரோப்பிய வரிசையைப் பிள்ளையின் மூன்று பருவங்களோடு பொருத்தி 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ். வீட்டுக்கல்விப் பதிப்பகங்கள் பல அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் ஆய்வு செய்து அதைச் சொல்லவில்லை, தன் சிறுவயது நினைவை வைத்துச் சொன்னார், அதை அவர் மறைக்கவும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். நீங்களும் பிள்ளையும் நிஜமாகவே முட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தை எடுங்கள். எங்கள் வீட்டில் அது இரவு பத்து மணிக்கு மேல் போன். உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லுங்கள். பிறகு அதையே பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், 'ஆமாம், இதைத்தான் நான் சொன்னேன்' என்று நீங்கள் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு. அதற்குப் பிறகுதான் தன் பக்கத்தைப் பேசலாம். பதினான்கு வயதில் என் மகள் சொன்னது: "நீ இன்னா சொல்றன்னா, உனக்கு என் மேல நம்பிக்கை இல்ல." நான் தூக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தேன்.

இரண்டு மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால் ரெட்டரிக்கை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் கூற்று எது, காரணம் எது, காரணம் கூற்றைத் தாங்குகிறதா என்று பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் வரும் செய்திகளே போதும். தனியாகப் புத்தகம் தேவையில்லை.

இரண்டாம் படி: நேரம் எவ்வளவு இருக்கிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கட்டாயக் கல்விச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரை. உயர்நிலைப் பள்ளி வயதில் நமக்குச் சான்றிதழ்க் கவலைதான். என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் போனால் பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுபவர்களும் உண்டு. இரண்டிலுமே ரெட்டரிக் என்று தனிப் பாடம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அதனால் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கேட்கும் எந்தத் திட்டத்தையும் ஒதுக்கிவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் எப்படியும் நின்றுபோகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

என்ஐஓஎஸ்ஸில் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு. அந்தப் பதில்களையே எழுத்துப் பயிற்சியாக ஆக்கிக்கொண்டால் நேரம் மிச்சம். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட், இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. பத்தியைப் படித்து வாதத்தைப் பிரிக்கும் பழக்கம் அங்கே உதவும். ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும், ரெட்டரிக் அந்த இடத்தை நிரப்பாது.

மூன்றாம் படி: எந்த மொழியில்?

பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியில்தான் வாதமும் முதலில் வரும். என் மகள் ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவாள், ஆனால் கோபம் வந்தால் சுத்தமான வடசென்னைத் தண்டையார்பேட்டைத் தமிழ். நாங்கள் ஐந்து மாதம் முழுக்க ஆங்கிலத்தில் ஓட்டியது பெரிய தப்பு. இப்போது தேடுவதும் பேசிப் பார்ப்பதும் தமிழில், எழுதுவது ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் ஆங்கிலம் என்று வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதற்கும் இது தெரியாது. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. மேடையில் எது? பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் செந்தமிழில் மனப்பாடம் செய்து கொட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் அந்தத் தமிழில் பதில் வராது. வடசென்னைப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கூச்சம்: "இன்னா" என்று வாயில் வந்தால் சிரித்துவிடுவார்களோ என்று. சினிமாவும் அதைச் சிரிப்புக்கே பயன்படுத்திப் பழக்கிவிட்டது. என் மகள் அன்று வாயடைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று பிறகு சொன்னாள். எந்தத் தமிழில் தொடங்குவது என்றே தெரியவில்லையாம்.

ஆகவே 'முதலில் உச்சரிப்பைத் திருத்துகிறோம்' என்று ஆரம்பிக்கும் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். 'அவையறிந் தாராய்ந்து சொல்லுக' என்கிறது 711ஆம் குறள். குடியிருப்புக் கூட்டத்தில் செந்தமிழில் பேசினாலும் தப்பு, கல்லூரி நேர்காணலில் தெருத்தமிழில் பேசினாலும் தப்பு. எங்கே எதை எடுப்பது என்று தெரிந்து மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். எங்கள் பயிற்சி இதுதான்: ஒரே மூன்று நிமிடப் பேச்சை எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு முறை, நூலகருக்கு ஒரு முறை, தாத்தாவுக்கு ஒரு முறை. கருத்து மாறக் கூடாது. சொற்கள் மாறலாம், வரிசையும் மாறலாம்.

நான்காம் படி: கடையில் என்னென்ன வகை இருக்கிறது?

ஏணி வகை ஒன்று. கிரேக்கர்களின் ஆரம்பப் பயிற்சி வரிசையைப் பின்பற்றுவது. நான்காம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்ற ஆசிரியர் தொகுத்தபடி அதில் 14 பயிற்சிகள்: நீதிக்கதையில் தொடங்கி, பழமொழியை விரிப்பது, ஒரு கதையை நம்ப முடியாது என்று மறுப்பது, புகழ்வது, இகழ்வது, ஒப்பிடுவது, இன்னொருவர் வாயால் பேசுவது என்று ஏறி, ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதில் முடியும். கிளாசிக்கல் அகாடெமிக் பிரஸ் என்ற பதிப்பகம் இதை 12 புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. நல்ல வரிசைதான். ஆனால் அதைச் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நரியும் திராட்சையும் கொண்டுபோனால் முகத்தைச் சுளிக்கும். அந்த வயதில் தொடங்குபவர்கள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கோட்பாட்டு வகை. அரிஸ்டாட்டிலை நேரடியாகப் படித்து, பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, சொல்லும் காரணம் என்ற மூன்றையும் பெரிய உரைகளில் தேடிப் பார்ப்பது. என் பெட்டியில் இருப்பது இந்த வகை. படிக்கும் பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் வாயைத் திறக்காமலே முடித்துவிடலாம். எடுத்துக்காட்டுகளும் முக்கால்வாசி அமெரிக்க வரலாறு, பைபிள். அதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான், ஆனால் உரை எங்கே வேலை செய்தது என்று உணர அந்த அவையைத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரை வகை மூன்றாவது. ஒரு கேள்வியை எடுத்து, ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் காரணங்களைப் பட்டியல் போட்டு, அதிலிருந்து கட்டுரையை வளர்ப்பது. 'தேடுவது' என்ற முதல் வேலையை ஒழுங்காகச் சொல்லித் தருவது இந்த வகைதான். பேச்சு இருக்காது.

விவாத வகையில் எதிராளி உண்டு, நேரக் கட்டுப்பாடு உண்டு. உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் பாணியில் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், நடுவில் எதிரணி எழுந்து கேள்வி போடலாம். அவை என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். குறையும் உண்டு. எந்தப் பக்கம் கொடுத்தாலும் வேகமாகப் பேசித் தள்ளும் பழக்கம் வந்துவிடும், எழுத்து மெலியும். எங்கள் தெருவில் ஒரு தம்பி இப்படித்தான், அவனிடம் டீ வேண்டுமா என்று கேட்டால்கூட மூன்று காரணம் சொல்வான்.

என் தீர்ப்பு: கூச்சப்படும் பிள்ளைக்குக் கட்டுரை வகையில் தொடங்கி விவாதத்துக்குப் போங்கள். வாய் ஓயாத பிள்ளைக்கு ஏணி வகையின் பின்பாதி, குறிப்பாக இன்னொருவர் வாயால் பேசும் பயிற்சி. கோட்பாட்டை யாருக்கும் முதல் வருடம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மாதிரிப் பாடத்தைத் தோண்டிப் பாருங்கள்

பெரும்பாலான பதிப்பகங்கள் மாதிரிப் பாடம் ஒன்றை இலவசமாகத் தருகின்றன. முதல் பாடம் எப்போதும் அழகாக இருக்கும், அதை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்று கிடைக்குமா பாருங்கள். அதில் நான் பார்ப்பது முதலில் கேட்பவர். 'உன் கருத்தை எழுது' என்று மொட்டையாக இருக்கிறதா, 'உன் ஊராட்சித் தலைவருக்கு எழுது' என்று ஆள் குறிப்பிட்டிருக்கிறதா? அடுத்து, எதிர்வாதம் எத்தனையாவது பாடத்தில் வருகிறது என்று பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் வந்தால் வேண்டாம். எழுதியதையே திருப்பி எழுதச் சொல்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு வாரமும் புதுத் தலைப்பு என்று ஓடும் திட்டத்தில் எதுவும் பழுக்காது.

விடைப் புத்தகம் தடிமனாக இருந்தால் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிடுகிறது. சரியான விடை ஒன்றே என்று அச்சடிக்க முடிந்த கேள்விகள் பெயர் சொல்லும் கேள்விகளாகத்தான் இருக்கும்.

செலவு பற்றி: பிடிஎஃப் வாங்கினால் வீட்டு உபயோகத்துக்கு அச்செடுக்க அனுமதி உண்டா என்று படித்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனாலும் பழைய புத்தகக் கடைகள் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கின்றன. அங்கே தர்க்கம், கட்டுரை பற்றிய பழைய கல்லூரிப் புத்தகங்கள் மலிவாகச் சிக்கும், பொறுமை வேண்டும். தமிழ் மூலநூல்களுக்குக் காசே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகம், மதுரைத் திட்டம் இரண்டின் இணையதளங்களிலும் கிடைக்கின்றன.

ஆறாம் படி: திருத்த ஓர் அளவுகோல், நன்னூலிலிருந்து

எந்தத் திட்டம் வாங்கினாலும் திருத்தப்போவது நீங்கள். 'நல்லா இருக்கு', 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு' என்ற இரண்டைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல் இருந்தது. பவணந்தி முனிவர்தான் காப்பாற்றினார்.

நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு விட்டுவிட்டோம். இதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, மகள் எழுதியதன் ஓரத்தில் ஏழு, ஒன்பது என்று எண் மட்டும் போட ஆரம்பித்தேன். ஒன்பதுதான் அவளுக்கு அதிகம் விழுந்தது: ஆரம்பம் அட்டகாசமாக இருக்கும், மூன்றாம் பத்தியில் காற்றுப் போய்விடும். இரண்டு வாரத்தில் அவளே எண்ணைப் போட்டுவிட்டு என்னிடம் காட்டினாள். பிறகு நான் பேசும்போதும் போட ஆரம்பித்தாள். எனக்கு எட்டு. ஒரு விஷயம் சொல்ல வந்து வேறொன்றை விரிப்பேனாம்.

குற்றங்களைவிடப் பெரிய சரக்கு அதே பாயிரத்தில் இருக்கும் ஏழு மதங்கள். மதம் என்றால் இங்கே நிலைப்பாடு. பிறர் சொல்வதோடு உடன்படுவது. மறுப்பது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. தானே ஒன்றை நாட்டி அதை நிறுத்துவது. இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது. பிறரோடு சேராமல் தன் கருத்தைக் கொள்வது.

மோட்டார் விஷயத்தையே எடுத்துப் பார்த்தோம். 'மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்ற கரன்ட் அதிகம் ஆகும், சரிதான்' என்பது உடன்படல். 'ஆனால் கெட்டுப்போனது மோட்டார், கரன்ட் பில் இல்லை' என்பது மறுத்தல். மூன்றாவதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது: 'சரி, பயன்படுத்தும் அளவுக்குத்தான் காசு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாடியைப் பார்க்கக் கூடாது, ஆளை எண்ண வேண்டும். கீழ்வீட்டில் ஆறு பேர், மூன்றாம் மாடியில் பாட்டி ஒருத்தர். யார் அதிகம் கொடுப்பது?' எதிராளியின் அளவுகோலை வாங்கி எதிராளியின் வீட்டையே அளப்பது. அன்று கூட்டத்தில் இது அவளிடம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஏழும் ஒரே பேச்சில் வர வேண்டியதில்லை. ஒரு தலைப்புக்கு ஏழையும் ஏழு வாக்கியமாக எழுதிவிட்டு, இந்த அவைக்கு எது எடுபடும் என்று மூன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பயிற்சி. காரணம் தேடும் வேலைக்கு இதைவிட நல்ல கருவி என் பெட்டியில் இல்லை.

ஏழாம் படி: அவையைத் தேடிப் பிடியுங்கள்

வடசென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் வந்து பேசியது இந்தப் பக்கத்து ஆட்களிடம்தான். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் திமுக பிறந்தது. மேடை பார்த்துப் பார்த்துக் காது பழுத்த ஊர் இது. இங்கே ஒரு ரிட்டயர்டு மனிதரை உட்காரவைத்தால் போதும், எந்த நடுவரையும்விடக் கறாராகக் கேட்பார்.

எங்களுக்கு என் மாமனார். பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் 1996இல் மூடும்வரை வேலை பார்த்தவர், ஆயிரம் சங்கக் கூட்டம் கேட்டவர். பேத்தி பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். சலிப்புத் தட்டினால் எழுந்து டீ போடப் போய்விடுவார். "மாமா, கொஞ்சம் உட்காருங்களேன்" என்று நான் சொன்னால், "மைக் கட்டின கூட்டத்துல யாரும்மா புடிச்சு உட்கார வெப்பாங்க?" என்பார். அவர் எந்த வாக்கியத்தில் எழுந்தார் என்று மகள் குறித்துக்கொள்வாள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

வீட்டுக்கு வெளியே: சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கல்வியில் இருக்கும் மூன்று நான்கு குடும்பம் சேர்ந்தால் சனிக்கிழமை விவாதம் வைக்கலாம். வியாசர்பாடியிலும் கொளத்தூரிலுமாக நான்கு பிள்ளைகள் கிடைத்தார்கள், போதுமானதாக இருந்தது. மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் 18 வயது நிரம்பினால்தான் உறுப்பினராகலாம். சிறியவர்களுக்கு கேவல் கிளப் என்று தனி ஏற்பாடு உண்டு. பேச்சுப் போட்டிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பம் கேட்பார்கள், நம் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுவார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசி நாளில் போய் நின்று திரும்பினோம்.

எட்டாம் படி: வாங்கும் முன் பன்னிரண்டு வார ஒத்திகை

காசு போடாமல் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கே தடுக்குகிறது என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் கேட்பது மட்டும். கோயில் திருவிழாப் பட்டிமன்றம், தெருமுனைக் கூட்டம், ஏதாவது ஒரு குடியிருப்புக் கூட்டம். பேச்சாளரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்போது போனை எடுக்கிறார்கள், எப்போது சிரிப்பு அடங்குகிறது.

அடுத்த மூன்று வாரம் வருங்காலம் பற்றிய வாதம், ஊர்த் தலைப்பில். கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரிஉலை வரலாமா, வரக்கூடாதா என்று எடுத்தோம். செய்தித்தாளில் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஏழு மதத்தையும் எழுதவைத்து, நடுவில் பக்கத்தை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அழுகை வந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு நடந்ததைப் பற்றிய வாதம், அதாவது வழக்கு. இதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட என்ன வேண்டும்? கண்ணகி கத்தினாள், சிலம்பை உடைத்தாள் என்றுதான் நமக்கு ஞாபகம். மெதுவாகப் படித்தால் வேறு தெரிகிறது. யாரம்மா நீ என்று கேட்ட அரசனிடம், புறாவுக்காகத் தன்னையே தந்தவனும் பசுவின் துயருக்காக மகனையே தேரில் இட்டவனும் ஆண்ட ஊர் என் ஊர் என்கிறாள். நீதி எப்படி இருக்கும் என்ற அளவு அங்கேயே விழுந்துவிடுகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அவன். அதற்கு அவள் அழவில்லை, என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்று அரசன் தன் வாயால் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் உடைக்கிறாள். முதலிலேயே உடைத்திருந்தால் அது வெறும் கோபம். எதிராளி ஒத்துக்கொண்ட பிறகு உடைத்ததால் சாட்சி. இதை நாங்கள் இரண்டு வாரம் பேசினோம், அரசன் பக்க வக்கீலாகவும் மகளை நிறுத்திப் பார்த்தோம்.

ஒரு வாரம் புகழ்ச்சி. புறநானூறு 95இல் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்க அவனைப் புகழ்வது போலவே இருக்கும். அப்புறம் நம் பக்கத்து மரண கானா. செத்தவரைப் பற்றித் தெருவே கேட்கப் பாடுவது, அதில் ஒரு பொய் வந்தாலும் பந்தலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பிள்ளையை ஒரு பெரியவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். 'நல்லவர், வல்லவர்' என்ற சொற்களுக்குத் தடை.

மீதி வாரங்கள் நிஜ அவைக்கு. போனில் பதிவு செய்து, திருப்பி எழுதி, மறுபடி பேசி. எங்களுக்கு மோட்டாரே மறுபடி உதவியது, அதாவது மறுபடி கெட்டது. இந்த முறை மகள் எழுந்து, கீழ்வீட்டுக்காரர் சொன்னதை முதலில் அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் கணக்கைத் தொடங்கினாள். நாலு நிமிடம். எதிர்வீட்டு அக்கா இரண்டு முறை குறுக்கே பேசினார், மகள் உட்காரவில்லை. செலவு என்னவோ அவள் கேட்டபடி பிரியவில்லை. மூன்றாம் மாடிப் பாட்டிக்குப் பாதி என்று மட்டும் சேர்த்தார்கள்.

இந்த ஒத்திகை முடிந்த பிறகு தெரியும் என்ன வாங்குவது என்று. காரணம் கிடைக்காமல் திணறினால் கட்டுரை வகை. காரணம் இருந்தும் குறுக்கே பேசியதும் உடைந்தால் விவாத வகை. எல்லாம் சரி, ஒரே மாதிரிப் பேசுகிறது என்றால் ஏணியின் பின்பாதி. மொத்தத் தொகுப்பாக வாங்காதீர்கள், ஒரு புத்தகம், ஆறு மாதம்.

பீரோ மேல் இருந்த பெட்டியைப் போன மாதம் மகளே இறக்கினாள். அடுக்குவது பற்றிய அத்தியாயம் வேண்டும் என்றாள், தாத்தா இப்போதெல்லாம் நடுவில்தான் எழுந்துபோகிறாராம். விடைப் புத்தகத்தை அவள் தொடவில்லை.